மாமியாரைப் பார்த்துக்கிறே, சரி... உன்னை யார் பார்த்துக்கிறது?

வீட்டுல ஒருத்தர் படுக்கையில விழுந்துட்டா, வர்ற சொந்தமெல்லாம் நேரா கட்டில் பக்கம்தான் போகும். "சாப்பிடுறாங்களா? தூங்குறாங்களா? ஆளைத் தெரியுதா?" எல்லாம் அவங்களைப் பத்தித்தான். காபி டம்ளரை நீட்டுற உன்னை யாரும் கேட்கிறதில்லை. அதனால நான் கேட்கிறேன். நீ சேர்ந்தாப்புல ஆறு மணி நேரம் தூங்கி எத்தனை நாளாச்சு? உட்கார்ந்து சாப்பிட்டது எப்போ? அழுகை வந்தா பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுட்டுத்தானே அழறே?

பக்கவாதம் வந்த மாமனாரோ, மறதி நோய் வந்த மாமியாரோ, கீமோ நடக்கிற அம்மாவோ, யாரா இருந்தாலும் சரி. "கொஞ்சம் பொறுமையா இரும்மா"ன்னு சொல்லிட்டுப் போக ஊர்ல ஆள் நிறைய இருக்கு. நான் அதைச் சொல்லப் போறதில்லை. காலி சிலிண்டரை எவ்வளவு திருகினாலும் அடுப்பு எரியாது. தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திவிட ஒரு ஆள், இந்த மூணும் இருந்தா பொறுமை தானா வரும். அதனால உன் குணத்தைத் திருத்த உட்காராதே தங்கச்சி. வீட்டு ஏற்பாட்டைத் திருத்து. எப்படின்னு வரிசையா சொல்றேன். அம்மா அப்பாவைத் தனியா பார்த்துக்கிற தம்பிங்களுக்கும் இது பொருந்தும்.

1. நோயைத் தெரிஞ்சுக்கோ, பாதிக் கோபம் குறையும்

"வேணும்னே பண்றாங்க"ன்னு நினைக்கிறதுலதான் நம்ம மனசு அதிகமா நோகுது. மறதி நோய்ல புது விஷயம் மூளையில பதியாது. அதனாலதான் இப்போ சாப்பிட்டு முடிச்சவங்க, "இந்த வீட்டுல எனக்குச் சோறே போடுறதில்லை"ன்னு பக்கத்து வீட்டுல போய்ச் சொல்றாங்க. நகையைத் தலையணை உறைக்குள்ள வெச்சுட்டு நீ எடுத்துட்டேன்னு சொல்றாங்க. கேட்கிறப்போ வலிக்கும். ஆனா காய்ச்சல்ல உடம்பு சுடுற மாதிரி அதுவும் ஒரு அறிகுறி.

பக்கவாதம் வந்தவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வும் வருது. "முயற்சியே பண்ண மாட்டேங்கிறார்"னு திட்டறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட அதையும் சொல்லு. அதுக்கும் மருந்து இருக்கு.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போறப்போ மூணு கேள்வியை எழுதிக்கிட்டுப் போ:

- இது இனிமே எப்படிப் போகும்?
- எது நடந்தா உடனே தூக்கிட்டு வரணும்?
- எதைக் கண்டுக்காம விடலாம்?

மூணாவதைக் கேட்காம வந்துடாதே. கண்டுக்காம விடலாம்னு தெரிஞ்ச விஷயத்துக்கு நீ ராத்திரி முழுக்க முழிச்சிருக்க வேண்டியதில்லை.

2. மறதி நோய்க்காரங்ககிட்ட வாதாடாதே

"எங்க அம்மா எங்கே?"ன்னு எண்பது வயசு மாமியார் கேட்டா, "அவங்க போய் முப்பது வருஷம் ஆச்சு"ன்னு திருத்தாதே. ஒவ்வொரு தடவையும் அது அவங்களுக்குப் புதுச் சாவு. "உங்க அம்மா மீன் குழம்பு எப்படி வெப்பாங்க?"ன்னு கேளு. பேச்சு திரும்பிடும், உனக்கும் தொண்டைத் தண்ணி மிச்சம்.

சாயங்காலம் ஆனா "என் வீட்டுக்குப் போறேன்"னு கிளம்புறவங்க நிறையப் பேர். அதுக்கு:

- இருட்டுறதுக்கு முன்னாடியே லைட்டைப் போடு. நிழல் விழுந்தா பயப்படுவாங்க.
- டிவி சத்தத்தைக் குறை.
- மதியத்துக்கு மேல காபி கொடுக்காதே. பகல்ல ரொம்ப நேரம் தூங்க விடாதே.
- கைக்கு ஒரு வேலை கொடு. கறிவேப்பிலை உருவலாம், துண்டு மடிக்கலாம். ஒழுங்கா மடிக்கலைன்னா என்ன? எதிர்லயே பிரிச்சு மறுபடி மடிக்காதே.

3. திடீர்னு ஆள் மாறினா டாக்டர்கிட்ட ஓடு

இதைக் கொட்டை எழுத்துல எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டு. மறதி நோய் மெதுவா மாசக்கணக்குல மாறும். ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள உளறல், இல்லாத ஆளைப் பார்த்துப் பேசறது, எழுப்பினாலும் எழும்பாத மயக்கம்னு வந்தா, அது வேற. சிறுநீர்த் தொற்று, ரத்தத்துல சோடியம் குறைவு, தண்ணி பத்தாமை, மலச்சிக்கல், சர்க்கரை இறங்கறது, புதுசா ஆரம்பிச்ச மாத்திரை, இதுல ஏதாவது ஒண்ணா இருக்கலாம். சரியான வைத்தியம் கொடுத்தா பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துடுவாங்க. "வயசாச்சு"ன்னு விடாதே. மந்திரிக்கக் கூட்டிட்டுப் போய் நாளைக் கடத்தாதே. காரணம் தெரியாம நாலு ராத்திரி மல்லுக்கட்டினா முதல்ல உடையறது நீதான்.

4. ராத்திரியைப் பங்கு போடு

மத்த எல்லாத்தையும் விட்டாலும் இதை மட்டும் விடாதே. படுத்த படுக்கையா இருக்கிறவங்களைப் பொதுவா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடணும், இல்லைன்னா படுக்கைப்புண் வந்துடும். அதை ராத்திரி முழுக்க ஒரே ஆள் மாசக்கணக்குல செய்ய முடியாது. எந்த ஆஸ்பத்திரியிலயும் ஒரே நர்ஸ் நைட்டும் பகலும் பார்க்கிறதில்லை.

- பத்துலேர்ந்து ரெண்டு வரைக்கும் வீட்டுக்காரர், ரெண்டுலேர்ந்து ஆறு வரைக்கும் நீ. இல்லைன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள். "அவருக்கு ஆபீஸ் இருக்கே"ங்கிறியா? உனக்குப் பகல் முழுக்க டியூட்டி இருக்கே.
- காத்து மெத்தை வாங்கலாம், வாடகைக்கும் கிடைக்குது. வாங்கினாலும் திருப்பிப் போடறதை நிறுத்தக் கூடாது. எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவைன்னு நர்ஸ்கிட்ட கேட்டுக்கோ.
- நீர் பிரியறதுக்கான மாத்திரை சாயங்காலம் இருந்தா, காலையில மாத்தலாமான்னு டாக்டரைக் கேளு. ராத்திரி டயபர் மாத்தற வேலை குறையும்.
- வயர் இல்லாத காலிங் பெல் ஒண்ணு வாங்கி அவங்க கைக்கு எட்டற இடத்துல வை. அவங்க அழுத்தத் தெரிஞ்சவங்களா இருந்தா, நீ பக்கத்து ரூம்ல நிம்மதியா படுக்கலாம்.
- மதியம் அவங்க தூங்கினா நீயும் படு. பாத்திரம் கிடக்கட்டும், எங்கேயும் ஓடிடாது.
- தூக்க மாத்திரையை நீயா கொடுக்காதே, நீயா போட்டுக்காதே. வயசானவங்க அந்த மயக்கத்துல எழுந்து விழுந்தா இடுப்பு எலும்பு போயிடும்.

5. "யாராவது உதவுங்களேன்"னு கேட்காதே

அப்படிக் கேட்டா ஒருத்தரும் வர மாட்டாங்க. பேர் சொல்லி, வேலை சொல்லி, நாள் சொல்லிக் கேளு.

- பெங்களூர்ல இருக்கிற கொழுந்தனார்: மாசா மாசம் டயபர், மருந்து பில்.
- சிங்கப்பூர்ல இருக்கிற நாத்தனார்: தினமும் ராத்திரி ஏழு மணிக்கு அம்மாகூட அரை மணி நேரம் வீடியோ கால். அந்த அரை மணி நேரம் உன்னுடையது. நடுவுல போய் எட்டிப் பார்க்காதே.
- அடுத்த தெருவுல இருக்கிற சித்தி: வாரத்துல ஒரு நாள் மதியச் சாப்பாடு.
- வீட்டுக்காரர்: மாமனாரைக் குளிப்பாட்டறது, டயபர் மாத்தறது. மகன் திடமா இருக்கிறப்போ அதை மருமகள் தலையில கட்டறது உனக்கும் சங்கடம், அந்தப் பெரியவருக்கு அதைவிடச் சங்கடம். "எனக்குக் கூச்சமா இருக்கு"ன்னு வாய் திறந்து சொல்லு. "உனக்கு நான் ஹெல்ப் பண்றேன்"னு அவர் சொன்னா, "இது நம்ம ரெண்டு பேர் வேலை"ன்னு தன்மையா சொல்லு.

குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்ல எல்லா பில்லையும் போட்டோ எடுத்துப் போடு. நோய் முடிஞ்ச பிறகும் முடியாத சண்டை, செலவுக் கணக்குச் சண்டைதான்.

இன்னொண்ணு. சொந்தக்காரங்க வர்றாங்கன்னு முந்தின நாள் உட்கார்ந்து வீட்டைப் பளபளன்னு ஆக்கி, நாலு வகை பலகாரம் பண்ணி, "ஒண்ணும் கஷ்டமில்லைண்ணி"ன்னு சிரிக்காதே. நீயே கஷ்டமில்லைன்னு சொன்னா அவங்க எப்படிக் கை கொடுப்பாங்க? உள்ளபடி இருக்கட்டும், உள்ளபடி சொல்லு.

6. வர்றவங்க அட்வைஸை வாசல்லயே நிறுத்து

"எங்க மாமியாரை நான் தனியாளா பார்த்தேன்", "அந்த மூலிகையைக் கொடுத்துப் பாரேன்", "ஆளு இளைச்சுட்டாங்களே, நீ சரியா கொடுக்கிறதில்லையா?" இதுக்கெல்லாம் ஒரே பதில் போதும்: "டாக்டர் இப்படித்தான் சொல்லியிருக்காரு." விளக்கம் கொடுக்காதே. கொடுத்தா அரை மணி நேரம் போகும், ராத்திரித் தூக்கமும் போகும்.

பார்க்க வர்றவங்களை வேலைக்குப் பயன்படுத்து. "கொஞ்சம் பக்கத்துல உட்கார்ந்திருங்க அத்தை, குளிச்சுட்டு வந்துடறேன்"னு சொல்லிட்டுப் போய் நிதானமா தலைக்குக் குளிச்சுட்டு வா.

7. ஆள் வெச்சா பாவம் இல்லை

"ஊர் என்ன சொல்லும்"னு பயந்து, காசு இருந்தும் ஆள் வைக்காத வீடுகள் உண்டு. ஊர் வந்து ராத்திரி டயபர் மாத்தப் போறதில்லை. ஹோம் நர்ஸ் வெச்சா:

- ஆதார் நகல், ஏஜென்சி ரசீது, லீவு போட்டா மாத்து ஆள் உண்டா, மூணையும் முதல்லயே பேசிடு.
- முதல் ரெண்டு மூணு நாள் கூடவே இரு. மாத்திரை நேரம், சாப்பாட்டுப் பதம், திருப்பிப் போடற நேரம் எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி ஒட்டு.
- பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க அந்தப் பொண்ணை இழுக்காதே. அவளுக்கும் வாரத்துல ஒரு நாள் ஓய்வு கொடு. அவளும் உன்னை மாதிரியே களைக்கிறவள்.
- ஆள் வந்த பிறகு தலைமாட்டுலயே நின்னு குத்தம் சொல்லிக்கிட்டு இருக்காதே. அதுக்கா சம்பளம் கொடுக்கிறே? போய்ப் படு.

காசு இல்லையா? அதுக்கும் வழி இருக்கு. தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட் 5 அன்னைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருது. பிசியோதெரபியும் வலி தணிக்கிற சிகிச்சையும் வீட்டுலயே கொடுக்கிறாங்க. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிவு பண்ணு. கடுமையான பாதிப்பு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாசம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கு. உங்க வீட்டுல இருக்கிறவங்களுக்குப் பொருந்துமான்னு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளு. முதியோர் சம்பந்தமா என்ன சந்தேகம்னாலும் 14567ங்கிற உதவி எண் இருக்கு. இதெல்லாம் கேட்டு வாங்கறதுல வெட்கம் எதுவும் இல்லை.

8. கோபம் தலைக்கேறற அந்த நிமிஷம்

மூணாவது தடவை படுக்கை விரிப்பு மாத்தி முடிச்சதும் நாலாவது தடவை நனைச்சா கோபம் வரும். வர்றது இயல்பு. அந்த நிமிஷத்துல இதைச் செய்:

- கட்டில் ஓரத் தடுப்பைத் தூக்கி விடு. அவங்க பத்திரமா இருக்காங்களான்னு பாரு.
- ரூமை விட்டு வெளியே வா. முகம் கழுவு. வாசல்லயோ மொட்டை மாடியிலயோ பத்து நிமிஷம் நில்லு. நனைஞ்ச துணி பத்து நிமிஷம் இருந்தா ஒண்ணும் ஆகாது.
- கோபத்தோட மட்டும் ஊட்டாதே. வேக வேகமா வாயில திணிச்சா புரையேறி நுரையீரலுக்குள்ள போயிடும், நிமோனியாவுல கொண்டுபோய் விடும்.

கை ஓங்கிட்டியா? கத்திட்டு அப்புறம் காலைப் பிடிச்சு அழுதியா? அதை மறைக்காதே. அன்னைக்கே ஒருத்தருக்கு போன் பண்ணி, "என்னால இனிமே தனியா முடியாது, நாளைக்கு வாங்க"ன்னு சொல்லு. நீ கெட்டவ ஆகிட்டேன்னு அர்த்தம் இல்லை. ஒருத்தி தாங்கற அளவை வேலை தாண்டிடுச்சுன்னு அர்த்தம். ஆனா அது மறுபடி நடக்க விடக்கூடாது. ஏன்னா படுக்கையில இருக்கிறவங்களால தடுக்கவோ தப்பிக்கவோ முடியாது.

"சீக்கிரம் போய்ச் சேர்ந்தா தேவலை"ன்னு ஒரு நினைப்பு வந்து, உடனே கன்னத்துல போட்டுக்கிட்டு சாமிகிட்ட மன்னிப்புக் கேட்கிறியா? பார்த்துக்கிறவங்க நிறையப் பேருக்கு அந்த நினைப்பு வரும். அவங்க படற வேதனையும் உன் வேதனையும் முடியணும்ங்கிற ஆசை அது. மனசுக்குள்ள பூட்டி வைக்காம, நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லிடு.

9. உன் உடம்புக்கும் ஒரு ஓ.பி. சீட்டு போடு

- அவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற அன்னைக்கே உன் பிரஷர், சர்க்கரை, தைராய்டு, ரத்த அளவு பார்த்துக்கோ. இதுக்குன்னு தனியா நீ போகவே மாட்டே, எனக்குத் தெரியும். தைராய்டும் ரத்தசோகையும் இருந்தாலே மனசு சோர்ந்து போகும்.
- அவங்க மாத்திரை டப்பா பக்கத்துலயே உன் மாத்திரையையும் வை. அவங்களுக்குக் கொடுக்கிறப்போ நீயும் போட்டுக்கோ.
- அவங்க மிச்சம் வெச்ச கஞ்சி உன் சாப்பாடு இல்லை. தட்டுல போட்டு, உட்கார்ந்து சாப்பிடு.
- அக்குள்ல கை கொடுத்து இழுத்துத் தூக்காதே. அவங்க தோளும் போகும், உன் இடுப்பும் போகும். முதுகுக்குக் கீழே ஒரு துணியை மடிச்சுப் போட்டு, ரெண்டு பேரா ரெண்டு பக்கமும் பிடிச்சு நகர்த்து. முட்டியை மடக்கிக் குனி.

10. வாரத்துல ரெண்டு மணி நேரம் வெளியே போ

மருந்துக் கடைக்குப் போறது, காய் வாங்கப் போறது எல்லாம் கணக்குல சேராது. கோயிலோ, சிநேகிதி வீடோ, பார்க் பெஞ்சோ, எங்கேயாவது சும்மா போய் உட்காரு. முதல் தடவை குற்ற உணர்ச்சியா இருக்கும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் பண்ணத் தோணும். பண்ணாதே. மூணாவது வாரம் பழகிடும்.

அப்புறம், உன்னை மாதிரியே வீட்டுல ஒருத்தரைப் பார்த்துக்கிற இன்னொருத்தியைப் பழக்கம் பிடிச்சுக்கோ. ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில உன் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பா. படுக்கைப்புண்ணுக்கு எந்த நர்ஸ் நல்லா கட்டுப் போடுவாங்கங்கிறதுலேர்ந்து, நாத்தனார் பேசின பேச்சு வரைக்கும் அவளுக்கு விளக்காமலே புரியும்.

11. பிள்ளைங்ககிட்ட மறைக்காதே

"பாட்டிக்கு மூளையில ஒரு நோய், அதனாலதான் உன் பேரை மறக்கிறாங்க. உன்மேல கோபம் இல்லை"ன்னு அஞ்சு வயசுக் குழந்தைக்குக்கூடச் சொல்லலாம். சொல்லாம விட்டா அது தன்னாலதான்னு நினைச்சுக்கும். பேப்பர் படிச்சுக் காட்டறது, தண்ணி கொடுக்கிறது மாதிரி சின்ன வேலை கொடு. பரிட்சைக்குப் படிக்கிற பொண்ணை டயபர் மாத்தக் கூப்பிடாதே. பையனை விட்டுட்டுப் பொண்ணை மட்டும் எதுக்கும் கூப்பிடாதே.

12. இது வந்தா தள்ளிப் போடாதே

பார்த்துக்கிறவங்க சுமையை அளக்கிறதுக்குன்னே ஒரு கேள்வித்தாள் இருக்கு தெரியுமா? 1980ல அமெரிக்காவுல ஜாரிட்ங்கிற உளவியலாளரும் அவர் கூட வேலை பார்த்தவங்களும் உருவாக்கினது. இப்போ பரவலா இருக்கிற வடிவத்துல 22 கேள்வி. டாக்டர்களே அளந்து பார்க்கிற சுமை இது. உன் சோம்பேறித்தனமோ, உன் கற்பனையோ இல்லை.

ரெண்டு வாரத்துக்கு மேல இதெல்லாம் தொடர்ந்தா மனநல டாக்டரைப் பாரு:

- எதுலயும் ஆசை இல்லாம, நாள் முழுக்க மனசு கனமா இருக்கிறது
- படுத்தாலும் தூக்கம் வராதது, பசியே எடுக்காதது
- காரணமில்லாம அழுகை, படபடப்பு, தீராத தலைவலி
- "நான் எதுக்கும் லாயக்கில்லை"ங்கிற நினைப்பு
- தம்பிங்களுக்குத் தனியா சொல்றேன்: ராத்திரி தூங்கறதுக்காகக் குடிக்க ஆரம்பிச்சிருந்தா, அதுவும் இந்தப் பட்டியல்தான்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு. போக நேரம் இல்லைன்னா போன்லயே பேசலாம். 2022 அக்டோபர் 10லேர்ந்து நாடு முழுக்க நடக்கிற டெலி மானஸ் சேவையோட எண் 14416. காசு கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம்.

சாகணும்னோ, அவங்களையும் கூட்டிட்டுப் போயிடணும்னோ நினைப்பு வந்தா ரெண்டு வாரம் என்ன, ஒரு ராத்திரிகூடப் பொறுக்காதே. உடனே பக்கத்துல இருக்கிறவங்களை எழுப்பு, 14416க்குக் கூப்பிடு. சென்னையில 1986லேர்ந்து தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கற சிநேகா அமைப்போட எண் 044-24640050. ரெண்டு எண்ணையும் இப்பவே போன்ல சேவ் பண்ணு. படிச்சு முடிச்சுட்டு இல்லை, இப்பவே.

13. எல்லாம் முடிஞ்ச பிறகும் உன்னைக் கவனி

ஒரு நாள் கட்டில் காலியாகும். காரியம் முடிஞ்சு எல்லாரும் ஊருக்குப் போயிடுவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு உனக்கு மட்டும் முழிப்பு வரும், திருப்பிப் போடற நேரம்னு. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும், பயப்படாதே. "அப்பாடா"ன்னு ஒரு நிம்மதி வந்தா அது துரோகம் இல்லை. துக்கமும் நிம்மதியும் சேர்ந்தேதான் வரும். "அன்னைக்கு அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா"ன்னு நீயே உன்மேல வழக்குப் போட்டுக்காதே. அன்னைக்குத் தெரிஞ்சதை வெச்சு அன்னைக்கு முடிவெடுத்தே. வெறுமையா இருக்கேன்னு மறுவாரமே புதுப் பொறுப்பை இழுத்துத் தலையில போட்டுக்காதே. முதல்ல தூங்கு.

எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

பதிமூணையும் ஒரே நாள்ல பண்ணக் கிளம்பினா அதுவே இன்னொரு சுமையாயிடும். இந்த வாரத்துக்கு ரெண்டே ரெண்டு போதும். ஒண்ணு, இன்னைக்கு ராத்திரி வீட்டுக்காரர்கூட உட்கார்ந்து ராத்திரி நேரத்தைப் பங்கு போடு. ரெண்டு, வர்ற ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் வீட்டைப் பார்த்துக்க யார் வரணும்னு முடிவு பண்ணி, அவங்களுக்கு போன் போடு. "முடியுமா?"ன்னு கேட்காதே. "நாலு மணிக்கு வந்துடுங்க"ன்னு சொல்லு.